தாள் இருக்கிறதா? கஞ்சா நகைச்சுவை ரெக்கார்டுகளுக்கு ஓர் அறிமுகம்

பழைய எல்.பி. ரெக்கார்டு விற்பவரிடம் சேகரிப்பாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. கீறல் எவ்வளவு? உறை கிழிந்திருக்கிறதா? முதல் அச்சா, மறு அச்சா? 1972இல் வெளிவந்த ‘பிக் பாம்பூ’ என்ற அமெரிக்க நகைச்சுவை ரெக்கார்டுக்கு மட்டும் முதல் கேள்வி வேறு. “தாள் இருக்கிறதா?”

பாட்டு வரிகள் அச்சிட்ட தாளைக் கேட்கவில்லை. சிகரெட் சுருட்டும் தாளைக் கேட்கிறார்கள். பாம்பூ என்பது அமெரிக்காவில் பரவலாக விற்ற ஒரு சுருட்டுத்தாளின் பெயர். அந்தச் சின்ன பாக்கெட்டை ஊதிப் பெரிதாக்கியதுபோல ரெக்கார்டின் அட்டையை அமைத்தார்கள். திறந்தால் உள்ளே ரெக்கார்டோடு ஒரு ராட்சதச் சுருட்டுத்தாள் இருக்கும். அச்சுப்படம் இல்லை, நிஜத் தாள். அதில் எதை வைத்துச் சுருட்ட வேண்டும் என்று யாரும் விளக்கம் எழுதத் தேவை இருக்கவில்லை.

இன்று தாளோடு கிடைக்கும் பிரதிக்கு மதிப்பு தனி. கொஞ்சம் நின்று யோசித்தால் இது வேடிக்கையான மதிப்பு. தாள் மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்றால், அந்த ரெக்கார்டை வாங்கியவர் அது அழைத்த விருந்துக்குப் போகவே இல்லை என்று பொருள். தாள் காணாமல் போன பிரதிதான் தன் வேலையைச் செய்து முடித்த பிரதி. ஆனால் சந்தையில் அதற்குப் பெயர் ‘குறையுள்ள பிரதி’. இந்த வகை ரெக்கார்டுகள் என்னவாக இருந்தன, இன்று ஏன் தேடப்படுகின்றன என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

(இந்தியாவில் கஞ்சா 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. இது அதை அனுபவிப்பது பற்றிய கட்டுரை இல்லை. அதைப் பற்றிச் சிரித்தவர்கள் பற்றிய கட்டுரை.)

இசை இல்லாத இசைத்தட்டு

தமிழில் ‘இசைத்தட்டு’ என்று பெயர் வைத்துவிட்டோம். அதனால் வெறும் பேச்சு பதிவான தட்டை என்னவென்று சொல்வது என்ற சிக்கல் வருகிறது. இங்கே ரெக்கார்டு என்றே சொல்கிறேன். பேச்சு ரெக்கார்டு நமக்குப் புதியதும் இல்லை. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் குழாய் ஒலிபெருக்கி கட்டி, சினிமாவின் கதை வசன ரெக்கார்டை ஓடவிட்ட காலம் ஒன்று இருந்தது. படம் பார்க்காதவர்களுக்கும் வசனம் மனப்பாடம். அந்த அனுபவம் உள்ளவர்கள் அமெரிக்க நகைச்சுவை ரெக்கார்டை எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒரே வேறுபாடு, நம்முடையது ஊருக்கே கேட்டது. அவர்களுடையதைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள்.

கதவைச் சாத்தும் பழக்கம் கஞ்சாவோடு தொடங்கவில்லை. 1950களிலேயே ரெட் ஃபாக்ஸ் போன்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞர்களின் ரெக்கார்டுகளுக்கு ‘பார்ட்டி ரெக்கார்டு’ என்று பெயர். குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, விருந்தினர்கள் வட்டமாக உட்கார்ந்து கேட்பதற்கானவை. வானொலியில் சொல்ல முடியாத நகைச்சுவைக்கு ரெக்கார்டு ஒரு தனி வாசலைத் திறந்துவிட்டது. கடைக்காரர்கள் பலர் அவற்றைக் கல்லாவுக்குக் கீழே வைத்து, கேட்பவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள்.

இதற்குத் தொழில்நுட்பமும் கைகொடுத்தது. அதற்கு முந்தைய, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பதியலாம். (அந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை. உலகத்தின் அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்தே போனது.) 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் எல்.பி. (லாங் பிளே) ரெக்கார்டை அறிமுகப்படுத்தியது. பொருள் வினைல், விட்டம் 12 அங்குலம், பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல். ஒரு நகைச்சுவையாளர் மெல்ல ஆரம்பித்து, கதையை வளர்த்து, பார்வையாளரைக் காக்கவைத்து, பிறகு சிரிக்கவைப்பதற்குத் தேவையான நேரம் அப்போதுதான் கிடைத்தது.

1960இல் பாப் நியூஹார்ட் என்பவர், அதற்குச் சில காலம் முன்புவரை கணக்கராக வேலை பார்த்தவர், வெளியிட்ட ரெக்கார்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே வந்தது. பாட்டு ரெக்கார்டுகளையெல்லாம் தாண்டி ஒரு மனிதர் தனியாகத் தொலைபேசியில் பேசுவதுபோல் நடித்த ரெக்கார்டு! நகைச்சுவை விற்கும் என்பது நிறுவனங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அந்த அறைக்குள் புகை நுழைந்தது. ஃபயர்சைன் தியேட்டர் என்ற நால்வர் குழு 1968 முதல் கொலம்பியாவில் வெளியிட்ட ரெக்கார்டுகளைக் கஞ்சா நகைச்சுவை என்று நேரடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அவற்றைக் கேட்ட கல்லூரி விடுதி அறைகளில் புகை இல்லாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு காட்சி இன்னொரு காட்சிக்குள் நழுவும். வானொலித் துப்பறியும் கதையைக் கிண்டல் செய்துகொண்டே போய் வேறெங்கோ விழும். ஒருமுறை கேட்டால் பாதிதான் பிடிபடும். 1970இல் அவர்கள் வெளியிட்ட ‘டோன்ட் க்ரஷ் தட் ட்வார்ஃப், ஹேண்ட் மீ த ப்ளையர்ஸ்’ இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இருக்கிறது.

இருவர்

கஞ்சா நகைச்சுவை என்று சொன்னதும் எல்லோரும் நினைக்கும் பெயர் சீச் அண்ட் சாங். சீச் மாரின் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர். அப்பா அதே நகரத்தில் போலீஸ்காரர். டாமி சாங் கனடாவின் எட்மன்டனில் பிறந்தவர், அப்பா சீனர். நகைச்சுவைக்கு வருவதற்கு முன் சாங் கிதார் வாசித்தார். மோட்டவுன் இசை நிறுவனத்துக்காகப் பாடிய பாபி டெய்லர் அண்ட் த வான்கூவர்ஸ் குழுவில் இருந்தார். கலப்பு இனக் காதலைப் பற்றி அந்தக் குழு 1968இல் பாடிய ஒரு புகழ்பெற்ற பாட்டின் வரிகளில் அவருக்குப் பங்கு உண்டு. வியட்நாம் போருக்கு ஆள் எடுப்பதிலிருந்து தப்பிக் கனடாவுக்குப் போன சீச்சும், வான்கூவரில் ஓர் இரவு விடுதி நடத்திவந்த சாங்கும் அங்கேதான் சந்தித்தார்கள். போலீஸ்காரர் மகனும் மோட்டவுன் கிதார்காரரும் சேர்ந்து கஞ்சாவைப் பற்றி நாடகம் போடுவார்கள் என்று கதை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

இருவரும் லாஸ் ஏஞ்சலஸ் வந்து கிளப்களில் நடித்துக்கொண்டிருந்தபோது லூ ஆட்லர் கண்ணில் பட்டார்கள். ஆட்லர் சாதாரண ஆள் இல்லை. 1967ஆம் ஆண்டு மான்டரே இசை விழாவை நடத்தியவர்களில் ஒருவர். ஓட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் சொந்தக்காரர். 1971இல் அவர் தயாரித்து, ஓட் முத்திரையுடன் வெளிவந்த பாடகி கரோல் கிங்கின் ‘டேப்பஸ்ட்ரி’ ஒரு கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது. அதே ஆண்டு, அதே நிறுவனம், அதே தயாரிப்பாளர்: சீச் அண்ட் சாங்கின் முதல் ரெக்கார்டு. ஒரே அலமாரியில் அக்கா ஒருத்தி பியானோ முன் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் தம்பிகள் இருவர் ஜன்னலைத் திறந்து புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

அந்த 1971ஆம் ஆண்டைச் சும்மா தாண்டிப் போகக்கூடாது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்கா புதிய போதைப்பொருள் சட்டத்தை நிறைவேற்றி, கஞ்சாவை ஹெராயினோடு ஒரே வரிசையில், மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. மார்ச் 1971இல் வானொலி நிலையங்களுக்கு அரசின் தகவல்தொடர்பு ஆணையம் ஓர் அறிவிப்பு அனுப்பியது. போதையைப் பற்றிய பாட்டு வரிகளை ஒலிபரப்புவதற்கு முன் அவை என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பது அதன் சாரம். ஜூன் 17 அன்று அதிபர் நிக்சன் போதைப் பழக்கத்தை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். இந்தச் சூழலில் போதை ஆசாமிகள் இருவர் உளறும் ரெக்கார்டை வாங்குவதே ஒரு சிறு கலகம்.

முதல் ரெக்கார்டில் இருக்கும் ‘டேவ்’ என்ற நகைச்சுவைத் துண்டை எடுத்துக்கொள்வோம். கதவுக்கு வெளியே ஒருவன் நிற்கிறான். கையில் கஞ்சாச் சரக்கு. போலீஸ் பார்த்துவிட்டார்களோ என்ற பதற்றம். கதவைத் தட்டி, நான்தான் டேவ், திற என்கிறான். உள்ளே இருப்பவன் ஏற்கெனவே வேறு உலகத்தில் இருக்கிறான். டேவ் இங்கே இல்லை என்கிறான். இல்லைப்பா, நான்தான் டேவ், வெளியே நிற்கிறேன் என்கிறான் இவன். டேவ் இங்கே இல்லை, மறுபடியும் அதே பதில். அவ்வளவுதான் கதை. வெளியே நிற்பவனின் குரல் ஏற ஏற, உள்ளே இருப்பவனின் குரல் அதே மந்தத்தில் நிற்கிறது. ‘டேவ் இங்கே இல்லை’ என்பது பிறகு அமெரிக்காவில் பழமொழிபோல ஆகிவிட்டது.

கஞ்சா நகைச்சுவையின் இலக்கணம் முழுவதும் இந்தச் சின்னத் துண்டில் இருக்கிறது. ஒரு பக்கம் போதையின் மந்தம்: மறதி, மெதுவான பேச்சு, கண்ணெதிரே இருப்பது பிடிபடாமை. இன்னொரு பக்கம் போலீஸ் பயம். மந்தம் மட்டும் இருந்தால் சலித்துவிடும். குடிகாரன் வேடம் எல்லா நாட்டு மேடையிலும் பழையது. பயம் மட்டும் இருந்தால் அது திகில் கதை. ஓடவேண்டிய நேரத்தில் ஓட முடியாதவர்களைப் பார்த்துத்தான் சிரிப்பு வருகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இது காதுக்காகவே எழுதப்பட்ட துண்டு. கதவு கேட்பவருக்குத் தெரியாது. தட்டும் ஓசைதான் கதவு. பார்க்க முடிந்தால் கெட்டுவிடும். அமெரிக்க வானொலி நாடகம் தொலைக்காட்சிக்கு வழிவிட்டு ஒதுங்கிப் பல ஆண்டுகள் ஆன பின், அதன் கடைசி வாரிசாக இந்த ரெக்கார்டுகள்தான் வந்தன என்று சொல்லத் தோன்றுகிறது.

அடுத்த ரெக்கார்டுதான் தாள் வைத்த ‘பிக் பாம்பூ’. விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. 1973இல் வந்த ‘லாஸ் கொச்சினோஸ்’ அதே இரண்டாம் இடத்தைத் தொட்டதோடு, சிறந்த நகைச்சுவைப் பதிவுக்கான கிராமி விருதையும் வாங்கியது. அதன் அட்டையிலும் ஒரு விளையாட்டு உண்டு. கார்ப் படத்தில் கதவை வெட்டி அமைத்திருப்பார்கள். திறந்து பார்த்தால் கதவின் உட்பகுதியில் ஒளித்துவைத்த சரக்கு தெரியும். இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று கேட்கலாம். அது அட்டைகளின் பொற்காலம். 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் ரெக்கார்டு அட்டையில் நிஜ ஜிப்பையே பொருத்திவைத்தார்கள். அடுக்கிவைத்தபோது அந்த ஜிப் பக்கத்து ரெக்கார்டை அழுத்திக் கெடுத்த கதையும் உண்டு. 12 அங்குலச் சதுரம் என்பது பெரிய இடம். அதில் கதவு வைக்கலாம், தாள் வைக்கலாம்.

பாட்டுகளும் வந்தன, கிண்டல் பாட்டுகள். 1973இல் வந்த ‘பாஸ்கெட்பால் ஜோன்ஸ்’ பாட்டின் பின்னணியில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கிதார் வாசித்திருக்கிறார். கரோல் கிங்கும் பில்லி பிரெஸ்டனும் உண்டு. கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்த ஒருவனின் கீச்சுக் குரலுக்குப் பின்னால் ஒரு பீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை முதன்முறை படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

1974இல் வந்த ‘இயரேக் மை ஐ’ ஒற்றைப் பாட்டுகளின் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை ஏறியது. இது புதிதாகக் கேட்பவர்களை ஏமாற்றும். ஆரவாரமான ராக் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்; திடீரென்று ஊசி ‘கர்ர்ர்’ என்று தட்டைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகும். ஐயோ, என் ரெக்கார்டு போயிற்றே என்று பதறி எழுந்து ஓடாதீர்கள். அது பதிவிலேயே இருப்பது. பள்ளிக்கூடம் போகாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் மகனிடம் அப்பா வந்துவிட்டார், அவ்வளவுதான். ரெக்கார்டு கேட்பதையே ரெக்கார்டில் நாடகமாக்கிய இந்த இடம் செல்போனில் கேட்டால் பாதிச் சுவைகூடத் தராது.

ஊசியும் மௌனமும்

இப்போது பொருளுக்கு வருவோம். எல்.பி. ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் பார்ப்பதற்குப் பல வரிகள் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் ஒரே வரிதான், வெளியிலிருந்து உள்ளே சுருண்டு போகும் ஒரே பள்ளம். 22 நிமிடப் பக்கத்தைக் கணக்குப் போட்டால் 730 சுற்றுக்கு மேல் வரும். சுருளை நீட்டினால் அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பள்ளத்தின் இரு சுவர்களிலும் ஒலி நெளிவாக வெட்டப்பட்டிருக்கிறது. ஊசி முனை அந்த நெளிவில் ஆடுகிறது, ஆட்டம் மின்சாரமாகிறது, ஒலிபெருக்கி அதைக் குரலாக்குகிறது.

தூசி விழுந்தால் ஊசி அதையும் வாசிக்கும். கீறல் விழுந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்று தட்டும், அதாவது ஏறக்குறைய 1.8 விநாடிக்கு ஒருமுறை. கீறல் ஆழமாகிப் பள்ளத்தை உடைத்துவிட்டால் ஊசி பின்னுக்குத் தாவி அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். சொன்னதையே சொல்பவர்களைக் ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்று நாம் திட்டுவது இங்கிருந்து வந்ததுதான். ‘டேவ்’ துண்டில் அப்படி ஊசி மாட்டிக்கொண்டால், அது பழுதா நடிப்பா என்று கண்டுபிடிக்கவே சில நிமிடம் ஆகும்.

நகைச்சுவை ரெக்கார்டு வாங்குபவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ராக் இசை ரெக்கார்டில் சிறு பொரிவு ஒலி இருந்தாலும் கிதாரும் டிரம்ஸும் அதை மூடிவிடும். பேச்சு ரெக்கார்டில் மூடுவதற்கு ஒன்றும் இல்லை. நகைச்சுவையில் சிரிப்பைக் கட்டுவது வாக்கியங்களுக்கு நடுவே விடும் இடைவெளி. கதவு தட்டப்பட்ட பிறகு, பதில் வருவதற்கு முன், அந்த இரண்டு விநாடி. பழைய ரெக்கார்டில் அந்த இரண்டு விநாடியில்தான் எல்லாப் பொரிவும் கேட்கும். எனவே, ஒரே தரத்தில் உள்ள பாட்டு ரெக்கார்டையும் பேச்சு ரெக்கார்டையும் வைத்துப் பார்த்தால், பேச்சு ரெக்கார்டுதான் அதிகமாகத் தேய்ந்ததுபோல் காதுக்குப் படும்.

தேய்ந்தும்தான் இருக்கும். இவை பத்துப்பேர் கூடிய அறையில், மலிவான பெட்டி பிளேயரில், கனமான ஊசியில், பக்கத்தில் சாம்பல் கிண்ணத்தோடு ஓடியவை. இன்றைய நல்ல ஊசி ஒன்றரை, இரண்டு கிராம் அழுத்தத்தில் ஓடுகிறது. அன்றைய மலிவுப் பிளேயர்கள் பல அதைப்போல் சில மடங்கு அழுத்தின. போதாக்குறைக்கு, அட்டைகளுக்கும் வேறு வேலை இருந்தது. விரித்துத் திறக்கும் இரட்டை அட்டைகளைச் சாய்த்துப் பிடித்து, இலையைத் தட்டி விதையைப் பிரிப்பது அந்தத் தலைமுறையின் வழக்கம். விதை மடிப்பில் உருண்டு நிற்கும். ஐம்பது ஆண்டு கழித்தும் அட்டை மடிப்பிலிருந்து விதை உதிர்ந்தது என்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

வாங்கப் போகிறவருக்கு

முதலில் நல்ல செய்தி. இந்த ரெக்கார்டுகள் பெரும்பாலும் அரியவை இல்லை. பட்டியலில் இரண்டாம் இடம் வந்த ரெக்கார்டு லட்சக்கணக்கில் அச்சாகியிருக்கும். பழையது என்பதாலேயே விலை அதிகம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது. 1962இல் வான் மீடர் என்பவர் அதிபர் கென்னடி போலவே பேசி வெளியிட்ட ‘த ஃபர்ஸ்ட் ஃபேமிலி’ பல லட்சம் பிரதிகள் பறந்தது. 1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பிறகு அதைக் கேட்க யாருக்கு மனம் வரும்? கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இருந்தும் வீடுகளில் ஏற்கெனவே குவிந்திருந்தது. இன்றும் அமெரிக்கப் பழைய பொருள் கடைகளில் மலிவுப் பெட்டியின் அடியில் அதுதான் கிடக்கும். சோகமான கதையும் கிராமி விருதும் உண்டு; விலை மட்டும் இல்லை.

தரக் குறியீடுகளில் ஒரு பொறி இருக்கிறது. பழைய ரெக்கார்டு விற்பவர்கள் பலர் கோல்ட்மைன் என்ற அமெரிக்க இதழ் வகுத்த தரவரிசையைப் பயன்படுத்துகிறார்கள். மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட், புவர் என்று இறங்கும். ‘வெரி குட்’ என்றால் மிக நன்று என்று நம்பி வாங்கினால் ஏமாந்து போவீர்கள். அது ‘ஓடும், ஆனால் பொரியும்’. ‘குட்’ என்றால் நன்றாகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தாட்சண்யத்துக்குப் போடும் மதிப்பெண்போல எடுத்துக்கொள்ள வேண்டும். பேச்சு ரெக்கார்டுக்கு வெரி குட் பிளஸுக்குக் கீழே இறங்காமல் இருப்பது காதுக்கு நல்லது.

எந்த அச்சு என்று தெரிந்துகொள்ள அட்டையை நம்பக்கூடாது. அட்டையும் தட்டும் இடம் மாறியிருக்கும். தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். சீச் அண்ட் சாங்கின் ஆரம்ப ரெக்கார்டுகளின் முதல் அச்சில் ஓட் லேபிள் இருக்கும். 1970களின் பிற்பகுதியில் வார்னர் பிரதர்ஸ் அவற்றை மறுபடி வெளியிட்டது. அதன்பின் லேபிளைச் சுற்றி, பாட்டு முடிந்த வெற்று வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கையால் கீறிய எண்களும் எழுத்துகளும் தெரியும். எந்தத் தாய்த் தட்டிலிருந்து, சில சமயம் எந்த ஆலையில் அச்சானது என்பது அதில் இருக்கும். லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை, வட்டத்துக்குள் எம்.ஆர். என்று முத்திரை குத்தும். 2000இல் தொடங்கிய டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டுப் பட்டியல் இணையதளத்தில் இந்த எண்களைத் தட்டினால் உங்கள் பிரதி எந்தப் பதிப்பு என்று கண்டுபிடித்துவிடலாம். எனக்கு ரெக்கார்டைக் கேட்பதைவிட இந்த வேலை அதிகம் பிடித்துப்போனது. இது ஒரு நோய் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அட்டையின் மூலை வெட்டப்பட்டிருந்தாலோ ஒரு துளை போட்டிருந்தாலோ பயப்பட வேண்டாம். விற்காமல் தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் விற்றபோது நிறுவனங்கள் போட்ட அடையாளம் அது. தட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

‘முழுமையான பிரதி’ என்ற சொல்லை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். நான் இணையத்தில் ஒருவரிடம் ‘பிக் பாம்பூ’ வாங்கினேன். முழுமையானது என்று போட்டிருந்தார். பார்சல் வந்தது, தாள் இல்லை. எழுதிக் கேட்டேன். தட்டு இருக்கிறது, அட்டை இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று பதில் வந்தது. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்ததால் நான் மேலே சண்டை போடவில்லை.

நம் ஊர் வெயிலில் பத்திரப்படுத்துவது தனிப் பாடு. வினைல் சூட்டில் வளையும். காரின் பின் சீட்டில் ஒரு சித்திரை மதியம் போதும். நிமிர்த்தித்தான் நிறுத்த வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடாது. மழைக்காலத்தில் அட்டையில் பூஞ்சை வரும். பழைய காகித உள்ளுறைகளே தட்டைக் கீறும் என்பதால் மெல்லிய பிளாஸ்டிக் உள்ளுறைக்கு மாற்றுவது நல்லது. ஆனால் அந்தப் பழைய உறையைத் தூக்கியெறிய வேண்டாம். அதில் யாராவது ஏதாவது எழுதிவைத்திருப்பார்கள்.

ஏன் இப்போது?

இந்த ரெக்கார்டுகளின் காலம் நீளவில்லை. 1978இல் லூ ஆட்லரே இயக்க, சீச்சும் சாங்கும் ‘அப் இன் ஸ்மோக்’ படத்தில் நடித்தார்கள். அமெரிக்காவில் மட்டும் நான்கு கோடி டாலருக்கும் மேல் வசூல். கதவு தட்டும் ஓசைக்குப் பதில் நிஜக் கதவையே காட்ட முடிந்தபின் ரெக்கார்டுக்கு வேலை குறைந்தது. கேபிள் தொலைக்காட்சியில் நகைச்சுவை மேடைகள் வந்தன, வீடியோ கேசட் வந்தது. நகைச்சுவை ரெக்கார்டு அலமாரிக்குள் போனது.

அங்கிருந்து அதை வெளியே எடுத்ததில் பாதிப் பங்கு வினைலின் பொதுவான மறுவரவுக்கு. 2008இல் தொடங்கிய, ரெக்கார்டு கடைகள் ஆண்டுதோறும் கொண்டாடும் ‘ரெக்கார்டு ஸ்டோர் டே’ வேகம் கொடுத்தது. 2022இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் சி.டி.யை முந்தின, 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை. மீதிப் பங்கு சட்டத்துக்கு. கனடா 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சாவை நாடு முழுவதும் சட்டபூர்வமாக்கியது. கலிஃபோர்னியா 2016இல் வாக்கெடுப்பின் மூலம் அதே முடிவை எடுத்தது. டேவ் கதவைத் தட்டிய ஊரில் இன்று கண்ணாடிக் கதவு போட்ட கடை இருக்கிறது. உள்ளே போக வயதுச் சான்று காட்டினால் போதும், ரசீதும் தருவார்கள்.

இதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். 2003இல், புகைக்கும் கண்ணாடிக் குழாய்களை விற்ற குடும்பத் தொழில் தொடர்பான வழக்கில் டாமி சாங்குக்கு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 65. முப்பது ஆண்டுகளாக நாடகமாகச் சொன்ன பயம் கடைசியில் உண்மையாகவே வந்து கதவைத் தட்டியது. சீச் மாரின் வேறு பாதையில் போனார். சிகானோ ஓவியங்களை, அதாவது மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களின் ஓவியங்களை, சேகரித்தார். அந்தச் சேகரிப்பை மையமாக வைத்து 2022இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் நகரில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் அதை ‘த சீச்’ என்றே அழைக்கிறார்கள். ஆக, இருவரில் ஒருவர் சேகரிப்பாளராகவே ஆகிவிட்டார்.

இப்போது கேட்டால் எல்லாமே சிரிப்பூட்டுமா? இல்லை. பெண்களைப் பற்றியும் ஓரினச்சேர்க்கையாளர்களைப் பற்றியும் வரும் பல துண்டுகள் இன்று நெளியவைக்கும். சிலவற்றை நான் ஊசியைத் தூக்கி வைத்துத் தாண்டிவிடுகிறேன். சில துண்டுகள் கேட்பவரும் போதையில் இருந்தால்தான் நகைச்சுவை என்ற நம்பிக்கையில் நீட்டி முழக்கப்பட்டவை. அதேசமயம், லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குத் தெருக்களில் பேசப்படும் மெக்சிகோ அமெரிக்கப் பேச்சை நாடு முழுக்க வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோன ரெக்கார்டுகளும் இவைதான். கேலிச்சித்திரம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். எங்கள் பேச்சு ரெக்கார்டில் வந்திருக்கிறது என்று சிலர் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். இரண்டையும் என்னால் மறுக்க முடியவில்லை.

இன்று இவற்றைத் தேடும் இளைஞர்களில் பலர் அந்தக் காலத்தில் பிறந்தே இருக்கவில்லை. அவர்கள் தேடுவது அந்தப் பத்துப்பேர் இருந்த அறையை என்றுதான் எனக்குப் படுகிறது. நாற்பது நிமிடம் யாரும் எழுந்து போகாமல், நடுவில் ஒருவர் எழுந்து தட்டைத் திருப்பிப் போட, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்குச் சிரித்த அறை.

தாள் இல்லாமல் வந்த என் பிரதியின் லேபிளில் நீல பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பெயர் எழுதி அடிக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே வேறு கையெழுத்தில் இன்னொரு பெயர், பக்கத்தில் ஓர் அறை எண். அதற்குப் பக்கத்தில் நான் வைத்திருக்கும் அவர்களின் முதல் ரெக்கார்டில், கதவு தட்டும் இடத்தில் நீளமான கீறல் ஒன்று இருக்கிறது. டேவ் மூன்று முறை தட்டுகிறான், கீறல் நான்காவது முறை தட்டுகிறது.